கங்காணி கையால் வாங்கிய கம்பு

சின்னராசாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அடுத்தபடியாகக் குரல் தணியும். குரல் தணிந்துவிட்டால், ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்தில் ஒருத்தரும் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். அவன் பெண்டாட்டி அங்கம்மா மட்டும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். "கத்துறதுன்னா கத்தித் தொலைங்க, இந்த முணுமுணுப்பு எனக்கு ஆகாது" என்பாள். கத்த மாட்டான். கொல்லைப்பக்கம் போய்க் கம்பை எடுத்துச் சுற்றுவான். காற்றைக் கிழித்துக்கொண்டு அது போடுகிற சத்தத்தைக் கேட்டு, இன்றைக்கு எவ்வளவு கோபம் என்று அக்கம்பக்கத்தார் அளந்துகொள்வார்கள்.

இலங்கையில், நமுனுகுல மலையின் பதுளைப் பக்கத்துச் சரிவில், நம் ஆட்கள் மூங்கில்தோட்டம் என்று பேர் வைத்திருந்த தேயிலைத் தோட்டம் அது. வெள்ளைக்காரன் வைத்த பேர் வேறு. அதைச் சொன்னால் நமக்கு வாய் கோணிக்கொள்ளும். அங்கே தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கழிக்கிற கவ்வாத்து வேலையில் சின்னராசாதான் முதல் ஆள். முசிறிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் வந்தவன். மன்னார்க் காட்டுப் பாதையில் நடந்து, கூட வந்தவர்களில் பாதிப் பேரைக் காலராவுக்குப் பறிகொடுத்துவிட்டு இந்த மலைக்கு ஏறியவன். ஊரிலிருந்து அவன் கொண்டுவந்த சொத்தெல்லாம் தாய்மாமன் கொடுத்த கம்பும் அவரிடம் படித்த சிலம்பமும்தான். எட்டு வருஷம் அடி வாங்கிப் படித்தது. யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாத சொத்து என்று அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

தேயிலை அரைக்கிற ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்த யேசுரத்தினமும் அந்தப் பக்கத்துக்காரன்தான். கிறிஸ்தவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பதுளைக்கு நடந்து பூசை காணப் போவான். அவனுக்குத் தெரிந்தது குத்துவரிசை. வெறுங்கையால் அடிப்பது, தடுப்பது, பிடித்து முறுக்குவது. இரண்டு பேரும் சேர்ந்துவிட்டால் ஒரே சண்டை.

"ஏன்டா மாப்ள, கம்பு கையில இல்லாத நேரம் பாத்து ஒருத்தன் மேல விழுந்தா என்ன பண்ணுவ?" என்பான் யேசுரத்தினம்.

"கம்பு இல்லாம நான் எதுக்குடா வெளிய போறேன்?"

"குளிக்கையிலயும் கம்போடதான் குளிப்பியோ?"

"உன்னய மாதிரி வாரத்துக்கு ஒருக்கா குளிக்கிறவனுக்கு அந்தக் கவல ஏன்?"

இப்படியே போகும். இரண்டு பேரும் சேர்ந்து சிலம்பக் கூடம் ஒன்று தொடங்கினார்கள் என்றால் அதற்கும் கோபம்தான் காரணம். சந்தைக்குப் போய்த் திரும்பிய நம் பொம்பளைகளை வழியில் நாலு சண்டியர்கள் மறித்துக் கையைப் பிடித்து இழுத்தார்கள். கூடப் போன மூன்று ஆம்பளைகள் வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அந்தச் சங்கதி காதில் விழுந்த அன்றே சின்னராசாவின் காது சிவந்தது. "நாளையிலேருந்து ஒவ்வொருத்தனும் வேல விட்டு வந்ததும் என்கிட்ட வரணும்" என்றான். நாற்பது பேர் வந்தார்கள். எல்லாரும் வளர்ந்த ஆட்கள், குடும்பஸ்தர்கள்.

கூடத்துக்கு இடம் வேண்டும். மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த சமதரை பெரியகங்காணி வையாபுரியின் கைவசம் இருந்தது. தோட்டத்து ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அவர் கப்பலேற்றிக் கொண்டுவந்த ஆட்கள். கோட்டும் தலைப்பாகையும் வெள்ளிப் பூண் போட்ட தடியுமாகப் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து நின்றால், வெள்ளைக்காரத் தொரை பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே மனிதர். சின்னராசா வெற்றிலைத் தட்டோடு போனான். இடம் கேட்டான், கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் இன்னொன்றையும் கேட்டு வைத்தான்.

"தைப்பூசத்தன்னிக்குக் கூடம் தொறக்கிறோம். ஐயா கையாலதான் எல்லாருக்கும் கம்பு எடுத்துக் குடுக்கணும்."

இந்த இடத்தில்தான் சொல்கிறவனுக்கே கை பரபரக்கிறது. சிலம்பக் கூடத்தில் கம்பு கொடுப்பது சும்மா சடங்கு இல்லை. கம்பைக் கையில் கொடுத்தவன் மேல் அந்தக் கம்பை ஓங்கக் கூடாது. அவன் சொல்லைத் தட்டக் கூடாது. அந்தக் கட்டு வேண்டாம் என்றால் கொடுத்தவனிடமே கம்பைத் திருப்பி வைத்துவிட வேண்டும்; வைத்தவன் சாகிறவரை மறுபடி கம்பைத் தொடக் கூடாது. அதனால்தான் வாத்தியார் மட்டும் கம்பு கொடுப்பார். சின்னராசாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஊரில் பெரிய மனிதர்களுக்கு முதல் மரியாதை செய்து பழகிய முதுகு, கங்காணியைக் கண்டதும் தன்னால் வளைந்துவிட்டது.

யேசுரத்தினம் தலையில் அடித்துக்கொண்டான். "அந்தாளு கையால வேணாம்டா. நீ குடு. உன் கூடம், உன் கம்பு."

"பெரிய மனுசன்டா. நாலு பேரு நம்மள மதிப்பான்."

"மதிச்சுக் கிழிச்சான். என் வரிசைக்கு எவன் கையாலயும் ஒண்ணும் வாங்க வேண்டியதில்ல. நான் ஓரமா நிக்கிறேன்."

தைப்பூசத்தன்று கங்காணி நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கம்பை எடுத்துக் கொடுத்தார். காலில் விழுந்து வாங்கினார்கள். எல்லாருக்கும் வழிகாட்டியாக இருக்கட்டும் என்று முதலில் விழுந்தவன் சின்னராசாவேதான். யேசுரத்தினம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கோயில் சுவரோரம் நின்றான்.

ஆறு வருஷம் கூடம் நடந்தது. சந்தைப் பாதையில் எவனும் வாலாட்டவில்லை, அது உண்மை. ஆனால் கங்காணி பெரட்டுக்கு வரும்போது கம்புக்காரர் நாலு பேர் பின்னால் நிற்க ஆரம்பித்தார்கள். பிறகு எட்டுப் பேர். ஒருநாள் தோட்டத்தை விட்டு ஓடிய ஒருத்தனைப் பண்டாரவளை ரயிலடியில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். "அவன் திருட்டுப்பயல்தானே" என்று சின்னராசா தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அடுத்த தடவை ஓடியவன் திருடன் இல்லை. அன்றைக்குச் சின்னராசா கொல்லையில் நெடுநேரம் கம்பு சுற்றினான். கங்காணியிடம் போய் ஒரு வார்த்தை கேட்டானா என்றால், இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு, பங்குனி மாதம். யேசுரத்தினத்தின் பெண்டாட்டி பிரான்சிஸ்காவுக்கு ஆறு மாதம். காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் ஆகியும் இறங்கவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் எந்த நோய்க்கும் கொடுக்கிற அதே சிவப்புத் தண்ணீரைக் கொடுத்தார். ஆறாம் நாள் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லீவு கேட்டு யேசுரத்தினம் கங்காணி வாசலில் நின்றான்.

"கொழுந்து மலையா வந்து குமியுது. இப்பப் போயி லீவா? பொம்பளக்கிக் காய்ச்ச வந்தா ஆம்பள எதுக்குடா ஸ்டோர விட்டுப் போகணும்?" என்று சொல்லிவிட்டுக் கங்காணி உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் யேசுரத்தினம் அவளைப் போர்வையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு நடந்துவிட்டான். பெரட்டில் ஆள் குறைந்தது. கங்காணிக்கு விஷயம் போயிற்று. அவர் கூடத்து ஆள் ஆறு பேரைக் கூப்பிட்டு, "கட்டி இழுத்துக்கிட்டு வாங்கடா" என்றார். அந்த ஆறு பேருக்கும் கையை மடக்கிக் குத்தக் கற்றுக்கொடுத்தவன் யேசுரத்தினம். போனார்கள். பாவிகள், போனார்கள்.

சின்னராசா மலை உச்சியில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான். கொழுந்துக் கூடையோடு அங்கம்மா மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"ஏங்க, அண்ணனக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு வாறானுங்க. மாட்ட இழுக்கிற மாதிரி இழுக்கிறானுங்க."

"யாரு?"

"யாரா? உங்க கூடத்து வீரனுங்கதான். நீங்க பெத்துப் போட்ட பிள்ளைங்க. முதுகுல பொண்டாட்டியோட நின்ன மனுசனச் சுத்தி வளைச்சு ஆறு கம்பயும் கழுத்துல வச்சானுங்களாம். கைய ஓங்குனா ஒரு அடி அவ மேல விழுந்துரும்னு கையிரண்டயும் நீட்டிக் குடுத்துட்டாரு."

"பிரான்சிஸ்கா?"

"ரோட்டோரமா கெடந்தாளாம். நல்ல காலம், தோட்டத்துக்கு அரிசி ஏத்தி வர்ற வண்டிக்காரரு அலவி பதுளைக்கு வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு. அவருதான் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரு. ஒத்தப் பொம்பள, புள்ளத்தாச்சி, அங்க அநாதயாக் கெடக்கா. உங்களுக்கெல்லாம் கம்பு ஒரு கேடு!"

சின்னராசா கவ்வாத்துக் கத்தியைக்கூட கீழே வைக்காமல் இறங்கினான். லயத்து முன்னால் நல்லாண்டி நின்றான். கூடத்திலேயே கெட்டிக்காரன், அந்த ஆறு பேருக்குத் தலைவனாகப் போனவனும் அவன்தான். சின்னராசா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"உனக்குக் கையி இருக்காடா? அந்தக் கையி அழுகிப் போகலயாடா?"

நல்லாண்டியின் கண் கலங்கியிருந்தது. "வாத்தியாரே, அடிங்க, வாங்கிக்கிறேன். போக மாட்டேன்னுதான் சொன்னேன். 'யாரு கையால கம்பு வாங்குன?'ன்னு கேட்டாரு. நான் என்ன சொல்ல? கம்பு குடுத்தவன் சொல்லத் தட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

சின்னராசாவின் கை தளர்ந்தது. அவனை அடிக்க இனி என்ன முகம்? தன்னைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும். நேரே கங்காணி வீட்டுக்கு நடந்தான்.

கங்காணி விறாந்தையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அரிசி மூட்டை அடுக்கும் காம்பராவின் கதவில் பூட்டுத் தொங்கியது.

"வா சின்னராசா. கத்தியும் கையுமா வந்திருக்க?"

"அவன விடுங்க. அவன் பொண்டாட்டி சாகக் கெடக்கா."

"திங்கக்கெழம பதுளக் கோட்டுல விடுறேன். தோட்டத்த விட்டு ஓடுனவனுக்கு மூணு மாசம் கடூழியம், சட்டம் அப்பிடி. நானா எழுதுனேன்?" வெற்றிலைச் சாற்றை முற்றத்தில் துப்பினார். "என்ன முறைக்கிற? மொதக் கம்பு வாங்குனது யாரு? எத்தன பேரு பாக்க என் கால்ல விழுந்த?"

காது இரண்டும் நெருப்பாக எரிந்தது. மூன்று எட்டு வைத்தால் போதும், அந்தத் தலைப்பாகை உருண்டிருக்கும். கால் எழவில்லை. தாய்மாமனிடம் எட்டு வருஷம் படித்த படிப்பு அவனையே கட்டிப் போட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வித்தை மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

காம்பராவின் பின்பக்கம் போனான். சுவரில் காற்றுக்காக விட்டிருந்த ஓட்டை வழியாகக் கூப்பிட்டான். "மாப்ள."

உள்ளே அசையும் சத்தம் கேட்டது. "அவ எங்க?"

"அலவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாராம்."

"உசுரு இருக்கா?"

"தெரியலடா."

யேசுரத்தினம் சொன்னான்: "நம்ம பசங்க நல்லாத்தான்டா கட்டியிருக்கானுங்க. முடிச்சு அவுக்க முடியல. உன் கூடத்துக்கு நல்ல பேரு."

"மாப்ள..."

"மாப்ளயாவது மண்ணாங்கட்டியாவது! அன்னிக்கே சொன்னேன், கேட்டியா? பெரிய மனுசன், பெரிய மனுசன்னு குனிஞ்ச. இப்ப என் முதுகுல ஏறி நிக்கிறான் அந்தப் பெரிய மனுசன். நாற்பது பேருக்கு அடிக்கச் சொல்லிக் குடுத்தோமே, யார அடிக்கணும்னு சொல்லிக் குடுத்தோமாடா? போ. அவ செத்தா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

சின்னராசா அங்கேயே சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கும் கோபம் வந்தது. அழுது என்ன ஆகப் போகிறது? திங்கட்கிழமைக்குள் அவனை வெளியே விட வேண்டும். விட வைக்க ஒரே வழிதான் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் நடுப்பகலுக்குக் கூடத்தில் எல்லாரும் கூடினார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சின்னராசா நடுவில் வந்து நின்றான். குரல் தணிந்திருந்தது, பின்வரிசைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

"நேத்து நடந்தது ஆறு பேரு செஞ்ச தப்பு இல்ல. நான் ஒருத்தன் செஞ்ச தப்பு. நம்ம கம்ப அந்தாளு கையில குடுத்து, அவன் கையால நம்மள வாங்க வச்சேன். அந்தக் கம்பு கையில இருக்கிற வரைக்கும் நாம அவன் வீட்டு நாயிங்க. கம்பத் திருப்பி வச்சா என்னான்னு எல்லாருக்கும் தெரியும். சாகிற வரைக்கும் தொடக் கூடாது. பிள்ளைக்குக்கூட சொல்லிக் குடுக்க முடியாது. நான் வைக்கப் போறேன். நீங்க வைங்கன்னு நான் சொல்ல மாட்டேன். இனிமே எவனுக்கும் எதுவும் சொல்ல எனக்கு யோக்கியத இல்ல."

அவன் மாமன் ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய கம்பும் அந்தத் தைப்பூசத்தில் கங்காணி கை பட்டு வந்ததுதான். அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒருத்தரா, பத்துப் பேரா என்று தெரியாமலே கங்காணி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தான்.

கங்காணி சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார். சின்னராசா கம்பைப் படிக்கட்டில் வைத்தான். குனியவில்லை, முழங்காலை மடக்கி, முதுகு வளையாமல் வைத்தான். கை அதை விட மாட்டேன் என்றது. விரல் விரலாகத்தான் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அடுத்தது நல்லாண்டி வைத்தான். நேற்றுக் கயிறு கட்டப் போன மற்ற ஐந்து பேரும் வைத்தார்கள். வயதில் மூத்த ஒருவர் கம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓவென்று அழுதபடி வைத்தார். ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படி நிறைந்து, விறகு அடுக்கியது போல் ஆயிற்று. ஒருத்தன்கூடப் பின்தங்கவில்லை.

முதலில் கங்காணி சிரித்தார். "என்னாடா கூத்து இது? கம்ப வச்சிட்டா? வெறுங்கையோட என்னாத்தக் கிழிப்பீங்க?"

"எங்க கையி நீ குடுத்தது இல்ல" என்றான் சின்னராசா. 'ஐயா' இல்லை, 'நீங்க' இல்லை. மூங்கில்தோட்டத்தில் அதற்கு முன் எவனும் அந்த மனிதரை அப்படிப் பேசியது கிடையாது.

கங்காணி தன் ஆட்களைக் கூப்பிட வாயைத் திறந்தார். வாய் திறந்தபடியே நின்றது. அவருடைய ஆட்கள் எல்லாரும் முன்னால்தான் நின்றார்கள். ஆறு வருஷமாக யாரைப் பின்னால் நிறுத்தி ஊரை மிரட்டினாரோ அவர்கள் இப்போது முற்றத்தில், வெறுங்கையோடு, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஈரக் கையைத் துடைக்காமலே மடியிலிருந்து சாவியை எடுத்து முற்றத்தில் விட்டெறிந்தார்.

கதவு திறந்ததும் யேசுரத்தினம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கயிற்றை அவிழ்க்க வந்த நல்லாண்டியின் கையைத் தட்டிவிட்டு, அங்கம்மாவிடம் அவிழ்க்கச் சொன்னான். பிறகு பதுளை ரோட்டில் ஓடினான். வழியெல்லாம் ஓடியே போனதாகச் சொல்வார்கள்.

பிரான்சிஸ்கா பிழைத்துக்கொண்டாள். வயிற்றிலிருந்த பிள்ளை பிழைக்கவில்லை. ஒருநாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தர் சொன்னாராம். யேசுரத்தினம் அவரை அடிக்கப் பாய்ந்தபோது அலவி பிடித்து நிறுத்தினார்.

தொரை கோர்ட்டுக்குப் போகவில்லை. இரக்கப்பட்டு இல்லை; கொழுந்து குமிகிற நேரத்தில் ஸ்டோரில் ஆள் குறையக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் சின்னராசாவைக் கவ்வாத்திலிருந்து தூக்கிக் கான் வெட்டப் போட்டார்கள். சேற்றில் நின்று வாய்க்கால் தோண்டுகிற வேலை. சாகிறவரை அவன் அதைத்தான் செய்தான். கம்பைத் தொடவே இல்லை. கோபம் வந்தால் கொல்லைப்பக்கம் போவான்; கை வெறுமனே இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். அங்கம்மா அதைப் பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்விடுவாள்.

மூன்று வாரம் கழித்து யேசுரத்தினம் பிரான்சிஸ்காவோடு திரும்பினான். அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு வந்தான். கோயிலை ஒட்டிய இடத்தைக் கங்காணி முள் போட்டு அடைத்துவிட்டதால், ஆற்றங்கரையில் ஒரு மேட்டில், கம்பு போனாலும் குத்துவரிசையாவது படிக்கலாம் என்று கூடியிருந்தார்கள். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். கடைசி வரிசையில், நாற்பது வயதைத் தாண்டிய சின்னராசா, புதிதாகச் சேர வந்தவனைப் போல நின்றான்.

"முன்னால வா" என்றான் யேசுரத்தினம்.

சின்னராசா வந்தான். முதல் பாடத்துக்கு முன் வாத்தியார் காலைத் தொடுவது வழக்கம். அவன் குனிந்தான். பாதிதான் குனிந்திருப்பான், யேசுரத்தினம் தோளைப் பிடித்து ஒரே உலுக்காக உலுக்கி நிமிர்த்தினான்.

"எந்திரிடா! கால்ல விழுந்துதான் எம்பிள்ள போச்சு. இனி இங்க எவனும் எவன் கால்லயும் விழக் கூடாது." எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "சொல்லிக் குடுக்கிறவன்னாலும் சரி, சோறு போடுறவன்னாலும் சரி, தப்புப் பண்ணா அவன் மேல கை ஓங்கத் தெரியணும். அதுதான் மொதப் பாடம். என்னக் குத்து."

"என்னாடா சொல்ற?"

"அந்தாளு கையால கம்பு வேணாம்னு சொன்னதோட நின்னேன். கைய அசைச்சனா? ஆறு வருசம் அவன் செஞ்சத எல்லாம் சும்மா பாத்துக்கிட்டு அந்தக் கூடத்திலேயே வாத்தியாரா நின்னேன். அது தப்பு இல்லயா? குத்துடா!"

சின்னராசாவின் காது சிவந்தது. ஊரில் படித்த அத்தனையும் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தது. யேசுரத்தினம் அவன் முகத்துக்கு நேரே முகத்தை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றான்.

சின்னராசா குத்தினான்.

யேசுரத்தினம் இரண்டு அடி பின்னால் போய் நின்றான். உதட்டில் ரத்தம். அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தான்.

"அடுத்தவன் வா" என்றான்.